ஓடியாடும் குழந்தைக்கு எதற்கு ஈயப் பரிசோதனை?

அமெரிக்காவில் குழந்தை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு, முதல் பிறந்தநாள் முடிந்த கையோடு ஒரு குழப்பம் வரும். ஒரு வயது செக்கப்புக்குப் போனால் டாக்டர், "ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடலாம்" என்பார். குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, வீடு முழுக்கத் தவழ்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. அப்புறம் எதற்கு விரலைக் குத்த வேண்டும்? நியூ யார்க், நியூ ஜெர்சி மாநிலங்களில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை உண்டு. சட்டமே அப்படி.

இந்தியாவில் அப்படிப்பட்ட வழக்கமான சோதனை கிடையாது. அதனால் இங்கே குழப்பம் வேறு மாதிரி. மஞ்சள்தூளில் ஈயம் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வரும்; ஒரு வாரம் பயப்படுவோம்; அப்புறம் மறந்துவிடுவோம். குழந்தையின் உடம்பில் ஈயம் இருக்கிறதா என்பதை ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்துவிட முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அந்த எண்ணைத் தேர்வு மதிப்பெண் மாதிரி, பாஸா பெயிலா என்றுதான் பார்க்கிறார்கள்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தக் கட்டுரையில் ஈயம் என்பதெல்லாம் காரீயம்தான். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு உலோகம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், பின்னால் வருகிறது.

அறிகுறிக்காகக் காத்திருந்தால் என்ன?

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறோம். அவர் காரணத்தைத் தேடுகிறார். ஸ்கிரீனிங் அப்படியல்ல. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைக் கூட்டமாகச் சோதித்து, யாரை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் ஸ்கிரீனிங். ஊர் முகாமில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை பார்ப்பதும் இந்த வகைதான்.

ஈயத்துக்கு ஏன் இது தேவைப்படுகிறது? ஈயம் ஏறிய குழந்தையிடம் தெரியக்கூடியவை இவ்வளவுதான்: அவ்வப்போது வயிற்றுவலி, மலச்சிக்கல், சாப்பிட அடம், எரிச்சல், கொஞ்சம் வெளிறிய முகம். இதெல்லாம் இல்லாத இரண்டு வயதுக் குழந்தை எந்த ஊரில் இருக்கிறது? பெரும்பாலான குழந்தைகளிடம் இதுகூடத் தெரியாது. வலிப்பு, மயக்கம் என்று கண்ணுக்குத் தெரியும்படி வருவதற்கு ரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக ஏறியிருக்க வேண்டும். நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் 2010-ல் அதுதான் நடந்தது. ஈயம் கலந்த தங்கத் தாதுவை வீட்டு வாசலிலேயே உடைத்து அரைத்தார்கள். 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

இந்த உச்ச அளவுக்கு வெகு கீழே, எந்த அறிகுறியும் இல்லாத அளவிலேயே மூளை வளர்ச்சியில் பாதிப்பு தொடங்கிவிடுகிறது. ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர் பாஸ்டன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றில் இருந்த ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் அதிகமிருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையிலும் வகுப்பில் கவனம் செலுத்துவதிலும் பின்தங்கியிருந்ததை 1979-ல் வெளியிட்டார். அந்தப் பிள்ளைகளில் ஒருவரையும் நோயாளி என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் நுழைந்த ஆள்

உடம்புக்கு ஈயத்தால் ஒரு பயனும் இல்லை. பிறகு எப்படி உள்ளே விடுகிறது?

பெரிய கல்யாணத்தில் நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று நினைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரோ, பெண்ணுக்கு ஏதோ சித்தப்பா முறை போல என்று நினைக்கிறார்கள். வாசலில் பன்னீர், உள்ளே பந்தியில் இடம், எல்லாம் கிடைத்துவிடுகிறது. ஈயம் உடம்பில் நுழைவது ஏறக்குறைய இப்படித்தான்.

இனி மண்டபத்தை விட்டு உடம்புக்கு வருவோம். ஈயம் வயிற்று அமிலத்தில் கரைந்ததும் மின்னூட்டம் பெற்ற அணுவாகிறது. இதற்கு அயனி என்று பெயர். கால்சியம் அயனியில் இருக்கும் அதே இரட்டை மின்னூட்டம் ஈய அயனியிலும் இருக்கிறது. குடலின் சுவரில் கால்சியத்தையும் இரும்பையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதங்கள் ஈயத்தையும் தம் ஆளென்று நினைத்து இழுத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் ஏறியது எலும்புக்குப் போகிறது. எலும்பும் கால்சியம் என்று நம்பி அதைச் சேமித்துவைக்கிறது. மூளையில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள கால்சியம் வேண்டும். அந்த இடத்தில் ஈயம் உட்கார்ந்துகொண்டால் செய்தி தப்பும் தவறுமாகப் போகும். ஹீமோகுளோபின் தயாரிப்பிலும் இதே கதைதான். அங்கே இரும்பை உரிய இடத்தில் பொருத்தும் நொதியை, அதாவது வேதிவேலையை முடுக்கிவிடும் புரதத்தை, ஈயம் முடக்கிவிடுகிறது.

பந்தி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அழையா விருந்தாளிக்கு இலை கிடைக்காது, இல்லையா? உடம்பில் இரும்பும் கால்சியமும் போதுமான அளவு இருந்தால் ஈயம் ஏறுவது குறைகிறது. குறைவாக இருந்தால் அதிகமாக ஏறுகிறது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. அதாவது நம் ஊரில் காலி இலைகள் நிறைய.

ஏன் ஒன்று, இரண்டு வயதில்?

பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ரத்தத்துக்குப் போகிறது. சின்னக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதி போய்விடும். வெறும் வயிறாக இருந்தால் இன்னும் கூடும். அதோடு தரையில் தவழ்வது, ஜன்னல் விளிம்பைப் பிடித்து நிற்பது, அந்தக் கையை அப்படியே வாயில் வைப்பது. மேலே பெற்றோர் பெருமையாகச் சொன்ன பழக்கம்தான் முக்கியமான வழி. வீட்டுத் தூசியில் இருக்கும் ஈயத்தைத் துடைத்தெடுத்து வாய்க்குக் கொண்டுபோவது குழந்தையின் கைதான். அதனால்தான் ரத்தத்தில் ஈயம் பொதுவாக ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையே உச்சத்துக்குப் போகிறது. மூளை வேகமாக வளரும் காலமும் அதுவே. ஒரு வயதில் பார்த்து சரியாக இருந்தாலும் இரண்டு வயதில் மறுபடி பார்ப்பது இதனால்தான். முதல் சோதனையின்போது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. இப்போது அலமாரியில் ஏறுகிறது.

இதுவரை பார்த்தது: ஈயம் கால்சியம், இரும்பு வேடத்தில் உள்ளே நுழைகிறது. சின்னக் குழந்தைகளில் அதிகம் நுழைகிறது. அறிகுறி காட்டாமலே மூளையைப் பாதிக்கிறது. எனவே அளந்து பார்த்தால்தான் தெரியும்.

விரல் நுனியில் ஒரு சொட்டு

சோதனை இரண்டு வகை. விரல் நுனியைக் குத்தி ஓரிரு சொட்டு எடுப்பது ஒன்று. கையின் ரத்தநாளத்தில் ஊசிபோட்டு எடுப்பது இன்னொன்று. ஸ்கிரீனிங்குக்குப் பெரும்பாலும் முதல் வகை. குழந்தை அழுது முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தேடுவது ஈயத்தை. அந்த ஈயம் தூசியாக அதே விரலின் தோலில் ஒட்டியிருக்கலாம். ரத்தச் சொட்டு தோலில் பரவும்போது அந்தத் தூசியும் சேர்ந்துகொண்டால், உடம்புக்குள் இல்லாத ஈயம் அறிக்கையில் வந்துவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. அதனால் முதலில் குழந்தையின் கையை சோப்புப் போட்டு, நகக் கண்கள் உட்பட, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவிய கை அம்மாவின் சேலையையோ நாற்காலிக் கைப்பிடியையோ தொட்டுவிடக் கூடாது. (இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.) பிறகு ஸ்பிரிட் துடைத்து, காயவிட்டு, குத்தி, முதல் சொட்டைத் துடைத்தெறிந்துவிட்டு அடுத்த சொட்டைத்தான் குழாயில் எடுக்க வேண்டும். அவசரமாக நடக்கும் முகாம்களில் முதலில் கைவிடப்படுவது இந்தக் கைகழுவல்தான்.

ஆகவே விரல் சோதனையில் எண் கூடுதலாக வந்தால், அது முடிவல்ல. ரத்தநாளத்திலிருந்து எடுத்து மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீக்கிரம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் கணக்கில், கொஞ்சம் கூடியிருந்தால் மூன்று மாதத்துக்குள், எண் 45-ஐத் தாண்டினால் (அலகு என்ன என்பது அடுத்து வருகிறது) 48 மணி நேரத்துக்குள்.

3.5 என்றால் என்ன?

ரத்தத்தில் ஈயத்தை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்வார்கள். டெசிலிட்டர் 100 மில்லி. மைக்ரோகிராம் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இனி இந்தக் கட்டுரையில் வெறும் எண்ணைச் சொன்னால் இந்த அலகுதான்.

12 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அளவு 3.5 என்றால், அந்த முழு ரத்தத்திலும் இருக்கும் ஈயம் 35 மைக்ரோகிராம் சொச்சம். பொடி உப்பில் ஒரே ஒரு துகளை எடுத்தால் அதன் எடை இதைவிட அதிகம்.

சரி, 3.5-க்கு என்ன முக்கியத்துவம்? அதற்கு மேலே போனால் அமெரிக்காவில் கவனிக்கத் தொடங்குகிறார்கள். பலர் இதை "பாதுகாப்பான அளவு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகளை வரிசைப்படுத்தி, மிக உச்சத்தில் இருக்கும் 2.5 சதவீதத்தைப் பிரிக்கும் இடத்தில் கோடு போட்டார்கள். கோடு விழுந்த இடம் 3.5. அவ்வளவுதான். "உங்கள் குழந்தைக்கு மற்றக் குழந்தைகளைவிட எங்கிருந்தோ கூடுதலாக ஈயம் வருகிறது, எங்கிருந்து என்று பாருங்கள்" என்பதுதான் அந்தக் கோடு சொல்லும் செய்தி. 3.4 வந்தவர் நிம்மதியாகத் தூங்கவும், 3.6 வந்தவர் கதறவும் அதில் ஒன்றுமில்லை. குழந்தைக்குத் தீங்கில்லாத ஈய அளவு என்று எதையும் இதுவரை யாராலும் காட்ட முடியவில்லை.

கோடு நகர்ந்த கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1960-களில் அமெரிக்க மருத்துவர்கள் 60 வரை கவலைப்படவில்லை. 1970-ல் 40 ஆனது, 1975-ல் 30, 1985-ல் 25, 1991-ல் 10, 2012-ல் 5, 2021-ல் 3.5. ஈயம் திடீரென்று கொடியதாக மாறிவிடவில்லை. குறைந்த அளவிலும் பாதிப்பு இருப்பதை ஆய்வுகள் காட்டக் காட்டக் கோடு இறங்கியது. பெட்ரோலிலும் பெயிண்டிலும் ஈயத்தை நீக்கியதால் குழந்தைகளின் அளவும் கூடவே இறங்கியது. 1970-களின் கடைசியில் ஒரு சராசரி அமெரிக்கக் குழந்தையின் அளவே 15. இன்றைய கோட்டின்படி அந்தத் தலைமுறை ஏறக்குறைய மொத்தமும் கூப்பிட்டு விசாரிக்கப்பட வேண்டியது.

இன்னொரு தவறான புரிதல், எண் கூடினால் குழந்தையின் அறிவு போயிற்று என்று நினைப்பது. ஏழு நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005-ல் வெளியான கணக்கில், அளவு 2.4-லிருந்து 10 ஆகும்போது அறிவுத்திறன் எண் சராசரியாக 3.9 புள்ளி குறைந்திருந்தது. இது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சராசரி. ஒரு குழந்தையை நிறுத்தி "உனக்கு நாலு புள்ளி போச்சு" என்று சொல்ல இந்தக் கணக்கு உதவாது. வீட்டில் பேச்சு, கதை, படிப்பு, ஊட்டம் என்று எத்தனையோ விஷயங்கள் அதைவிடப் பெரிதாகக் குழந்தையை மாற்றும். ஆனால் ஒரு நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் நாலு புள்ளி குறைந்தால், அது சின்ன விஷயம் இல்லை.

சுருக்கமாக: எண் பாஸ், பெயில் இல்லை. ஒரு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லும் ஜோசியமும் இல்லை. எங்கிருந்தோ ஈயம் வருகிறது என்று தரும் தகவல்.

எண் கூடினால் தேட வேண்டியது வீட்டில்

உடனே மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றிவிடலாமே என்று தோன்றும். அப்படி ஒரு சிகிச்சை உண்டு. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து, பெயர் கிலேஷன். அதை 45-க்கு மேல் போன குழந்தைகளுக்குத்தான் கொடுக்கிறார்கள், உயிர் காக்க. 20-லிருந்து 44 வரை இருந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2001-ல் வெளிவந்தது. ரத்தத்தில் ஈயம் குறைந்தது. அறிவு வளர்ச்சியில் ஒரு வித்தியாசமும் இல்லை.

காரணம், ரத்தத்தில் தெரிவது கையிருப்பின் ஒரு பகுதிதான். ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் போல ஆகும். எலும்புக்குள் போனது பல வருடம், சில சமயம் இருபது முப்பது வருடம் தங்கும். அங்கிருந்து சிறுகச் சிறுக ரத்தத்துக்குத் திரும்பும். சின்ன வயதில் சேர்ந்த ஈயம், அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கும்போது எலும்பிலிருந்து இறங்கி வயிற்றுக் குழந்தைக்கும் போகும். ஆகவே செய்ய வேண்டிய வேலை வரும் வழியை அடைப்பது. அதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் சுகாதாரத்துறை ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள். 1978-க்கு முன் கட்டிய வீடா, ஜன்னல் ஓரத்தில் பெயிண்ட் உதிர்கிறதா, குழாய் எது, அப்பா என்ன வேலை செய்கிறார், சமையலறையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

2023-ல் வட கரோலினாவில் வழக்கமான செக்கப்பில் சில குழந்தைகளின் எண் எகிறியது. வீட்டில் பெயிண்ட் இல்லை, மண்ணில் இல்லை. கடைசியில் அகப்பட்டது, குழந்தைகள் ஆசையாக உறிஞ்சிக் குடித்த ஆப்பிள் கூழ் பாக்கெட். அதில் சேர்த்த பட்டைத்தூளில் ஈய குரோமேட் என்ற மஞ்சள் நிறமி இருந்தது. நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு நோய் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பாக்கெட் எத்தனை வருடம் விற்றிருக்குமோ.

மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் குடிநீரை உள்ளூர் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. அதிகாரிகள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், வழக்கமாக எடுத்துவைத்திருந்த ஸ்கிரீனிங் எண்களைத் தண்ணீர் மாற்றத்துக்கு முன், பின் என்று பிரித்துப் பார்த்தார். 5-ஐத் தாண்டிய குழந்தைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தது. 2015 செப்டம்பரில் அதை வெளியிட்டார். அடுத்த மாதமே பழைய தண்ணீர் திரும்பியது. ஸ்கிரீனிங் எண்கள் ஊர் அளவில் சேரும்போது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் பக்கம்

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் பெட்ரோல் மாறிய பிறகு சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 756 குழந்தைகளைச் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில் சராசரியே 11.4. யுனிசெஃப் 2020-ல் போட்ட மதிப்பீட்டில், 5-ஐத் தாண்டிய குழந்தைகள் உலகில் 80 கோடி, அவர்களில் 27.5 கோடி பேர் இந்தியாவில்.

எங்கிருந்து வருகிறது? பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறைகள் ஒரு பெரிய மூலம். அங்கே வேலை செய்பவரின் சட்டையில் ஒட்டிய தூசி வீடு வரை வரும். பழைய பெயிண்ட், சுர்மா, சில கண்மைகள், செவ்வீயம் என்ற சிவப்பு ஈயப்பொடி கலந்த சிந்தூரம், உலோகம் சேர்ந்த சில மரபு மருந்துகள் என்று மற்றவை. மஞ்சளைப் பளிச்சென்று காட்ட ஈய குரோமேட் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் இருந்தது. 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது அகப்பட்டது. அரசு பிடியை இறுக்கியதும் 2021-ல் ஒரு மாதிரியிலும் இல்லை.

பாத்திரங்களும் இந்தப் பட்டியலில் உண்டு. சியாட்டில் பகுதியில் ஆப்கான் அகதிக் குழந்தைகளின் ஸ்கிரீனிங் எண் ஏன் கூடுகிறது என்று தேடியபோது அவர்கள் கொண்டுவந்த அலுமினியக் குக்கர்கள் மாட்டின. 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அலுமினியம், பித்தளை, நம் வீடுகளில் சகஜமான இண்டாலியம் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து ஈயம் உணவில் இறங்கலாம் என்று எச்சரித்தது. ஈயச்சொம்பு? சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் அதில் காரீயம் இல்லை. ஆனால் காரீயம் விலை குறைவு, இரண்டும் எளிதாக உருகிக் கலக்கும், புளி கரைத்த ரசம் அமிலம். கண்ணால் பார்த்தோ தட்டிப் பார்த்தோ கலப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகச் சான்று இல்லாத சொம்பில் சின்னக் குழந்தைக்கு ரசம் வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டி கோபித்துக்கொள்வார், என்ன செய்வது.

எல்லாக் குழந்தைகளுக்குமா?

இதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை கட்டாயம். அதே நாட்டின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, அறிகுறி இல்லாத எல்லாக் குழந்தைகளையும் சோதிப்பதால் நன்மை என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று 2019-ல் சொன்னது. கேள்வித்தாள் கொடுத்து ஆபத்தில் இருப்பவர்களை மட்டும் பிரிக்கலாம் என்றால், அந்தக் கேள்விகளும் சரியாகப் பிரிப்பதில்லை. அடிப்படைச் சங்கடம் ஒன்று இருக்கிறது: ஈயம் குழந்தைக்குள் போன பிறகுதான் ரத்தச் சோதனை அதைக் காட்டும். பெயிண்டையும் மஞ்சளையும் முன்கூட்டியே சோதிப்பதுதான் நியாயமான வரிசை. அது நடக்காத ஊரில் ரத்தச் சோதனையாவது இருக்கட்டும் என்பேன்.

சோதனை கேட்பதாக இருந்தால்

பேட்டரி, ஈயம் உருக்குதல், பெயிண்ட் சுரண்டுதல் போன்ற வேலை செய்பவரின் குழந்தை, மண்ணோ பெயிண்ட் செதிலோ தின்னும் பழக்கமுள்ள குழந்தை, காரணம் பிடிபடாத ரத்தசோகை உள்ள குழந்தை, உலோகம் சேர்ந்த மரபு மருந்து சாப்பிட்ட குழந்தை. இவர்களுக்கு டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். பெரிய தனியார் ஆய்வகங்கள் மாதிரியை எடுத்து அனுப்பிப் பார்த்துத் தருகின்றன. கேட்க வேண்டியது ரத்தச் சோதனை. முடியை வெட்டிப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். எண் கூடியிருந்தால் அதே வீட்டில் வளரும் மற்றக் குழந்தைகளுக்கும் பார்க்க வேண்டும். இணையத்தில் விற்கும் "நச்சு நீக்கும்" பொடிகளை வாங்கிவிடாதீர்கள். சில மரபு மருந்துகளிலேயே ஈயம் இருப்பதை பாஸ்டனில் கடைகளில் வாங்கிச் சோதித்து 2004-ல் காட்டியிருக்கிறார்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்குப் பதில் லிட்டருக்குக் கணக்கிட்டு அச்சிடும். அங்கே 35 என்று இருந்தால் அது நம் கணக்கில் 3.5. கனடாவில் மைக்ரோமோல் என்ற அலகில் வரும், அங்கே 0.17 என்பதும் அதே 3.5-தான். பத்து மடங்கு பயந்தவர்களும் உண்டு, பத்து மடங்கு அலட்சியமாக இருந்தவர்களும் உண்டு.